அந்தப் பதினோரு நாள்: களவுபோன விளையாட்டுக் கணக்கும் ஒரு தாயின் கேள்வியும்

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கணக்கு வைத்து, மூன்று ஆண்டுகளாக கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையும் மாமாவின் கடையில் வார இறுதியில் நின்று சம்பாதித்த பணத்தையும் சேர்த்து அந்த விளையாட்டுக்குள் மட்டும் இருக்கும் ஒரு கத்தியை வாங்கி வைத்திருந்தான். விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் பழக்கமான ஒரு பையன், ‘எங்கள் அணிக்கு வாக்குப் போடு’ என்று ஓர் இணைப்பை அனுப்பியிருக்கிறான். அதில் போய்த் தன் ஸ்டீம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டான். மறுநாள் நண்பனுக்கு மாற்றிக்கொடுக்கப் போன கத்தி வேறு யாரிடமோ போய்விட்டது. அதற்குப் பிறகு கணக்கின் கடவுச்சொல், மின்னஞ்சல் எல்லாம் மாறிவிட்டன. அவனுடைய ஜிமெயிலுக்குள் மட்டும் இப்போதும் போக முடிகிறது. என் வங்கிக் கார்டிலிருந்து இரண்டு முறை பணம் போன பிறகுதான் எனக்கே தெரியவந்தது. அதற்குள் பதினோரு நாள் ஆகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் 1,500 ரேண்ட் கொடுத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். என் அடையாள அட்டையின் படத்தைக் கேட்டார், அனுப்பிவிட்டேன். பணம் இன்னும் அனுப்பவில்லை. ‘பொம்மைக் கத்திக்காக ஓர் ஆண்பிள்ளை அழுவதா’ என்று அவனுடைய அப்பா திட்டுகிறார். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒன்பது வயது மகள் வேறு ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டை விளையாடுகிறாள், அவளை நினைத்தும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த 1,500 ரேண்டை அனுப்பாதீர்கள். அந்த மனிதருக்கு இனி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். நடந்த உரையாடலை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொண்டு அவரைத் தடைசெய்துவிடுங்கள். ஒரு ஸ்டீம் கணக்கை அதன் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறார்கள்: ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் உதவிப் பிரிவில். அவர்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை. வெளியிலிருந்து ‘மீட்டுத் தருகிறேன்’ என்று வருபவர் இரண்டாவது திருடர். முதல் திருடனிடம் ஏமாந்தவர் பதற்றத்தில் இருப்பார், இன்னொரு முறையும் ஏமாறுவார் என்ற கணக்கில்தான் வருகிறார். முதல் திருடனே வேறு பெயரில் வருவதும் உண்டு.

அடையாள அட்டையின் படம் போய்விட்டதே என்று நீங்கள் கலங்குவது நியாயம். அந்த எண்ணை வைத்து உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்கவோ கைபேசி ஒப்பந்தம் போடவோ முயலலாம். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்ற மோசடித் தடுப்பு அமைப்பு இருக்கிறது. அதில் பாதுகாப்புப் பதிவு என்று ஒன்று உண்டு, கட்டணம் கிடையாது. பதிவு செய்துவிட்டால், உங்கள் அடையாள எண்ணை வைத்து யாராவது கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அமைப்பில் உறுப்பினராக உள்ள வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை தெரியும். அவர்கள் கூடுதலாக விசாரித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். இதை இன்றே செய்யுங்கள்.

அடுத்து வங்கிக் கார்டு. வங்கியின் செயலியில் கார்டை உடனே நிறுத்தும் வசதி இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் நிறுத்திவிடலாம். பிறகு வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து அந்த இரண்டு செலவுகளும் உங்களுடையவை அல்ல என்று பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பிடுங்கினால், அந்தக் கணக்கையே முடக்கிவைப்பது விளையாட்டு நிறுவனங்களின் வழக்கம். மீட்கப் போன கணக்கு அதனாலேயே பூட்டிக்கிடக்கும். ஆகவே ஸ்டீமுக்கு எழுதும் மனுவில் அந்த இரண்டு செலவுகளையும் தேதியோடும் தொகையோடும் குறிப்பிட்டு, திருடன் செய்தவை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தொகை சிறியதாக இருந்தால் முதலில் இந்த வழியில் போவேன். வீட்டுச் செலவு தள்ளாடும் அளவுக்குப் பெரிய தொகை என்றால் கணக்கைப் பற்றி யோசிக்காமல் வங்கி வழியாகவே போங்கள், விளையாட்டு இரண்டாம் பட்சம். வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்றால் 2024 மார்ச் 1 முதல் இயங்கிவரும், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஒம்பட் அமைப்பிடம் முறையிடலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

இனிக் கணக்கை மீட்கும் வேலை. இதில் என்ன செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலானவர்கள் நேரே விளையாட்டுக் கணக்குக்கு ஓடுகிறார்கள். தலைவாசல் திறந்துகிடக்கும்போது உள்ளறைக்குப் புதுப் பூட்டு போடும் வேலை அது.

முதலில் கணினி. மகனிடம் ஒன்றைக் கேளுங்கள், கோபமில்லாமல் கேளுங்கள்: அந்த இணைப்பைத் தவிர, விளையாட்டில் ஏமாற்ற உதவும் நிரல், விளையாட்டை மாற்றியமைக்கும் இலவசக் கோப்பு (மாட்), ‘நான் செய்த விளையாட்டைச் சோதித்துப் பார்’ என்று யாராவது அனுப்பிய கோப்பு, இப்படி எதையாவது இறக்கி ஓட்டினானா? குறிப்பாக, ‘ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடு’ என்று அதில் எழுதியிருந்ததா? ஆம் என்றால், அந்தக் கணினியிலிருந்து எந்தக் கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். நீங்கள் மாற்ற மாற்ற, புதிய சொல்லும் திருடனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இவ்வகைத் திருட்டு நிரல்கள் கடவுச்சொல்லோடு நிற்பதில்லை. நாம் ஒரு முறை உள்நுழைந்த பிறகு மறுபடி மறுபடி கேட்காமல் இருப்பதற்காக உலாவி ஒரு சிறிய அனுமதிச் சீட்டை வைத்திருக்கிறது அல்லவா, அந்தச் சீட்டையே எடுத்துப்போய்விடுகின்றன. அது கையில் இருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை, கைபேசிக் குறியீடும் தேவையில்லை. அப்படியொரு கோப்பு ஓடியிருந்தால் படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவச் சொல்வேன். ஓடவில்லை என்று அவன் உறுதியாகச் சொன்னால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் முழுச் சோதனை ஒன்று போதும். எப்படியானாலும் இன்றைய வேலைகளை உங்கள் கைபேசியிலோ வேறொரு சுத்தமான கணினியிலோ செய்யுங்கள்.

இரண்டாவது, மின்னஞ்சல். ‘ஜிமெயிலுக்குள் மட்டும் இப்போதும் போக முடிகிறது’ என்று ஆறுதலோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். கணக்கின் மின்னஞ்சல் முகவரியை மாற்றினால் பழைய முகவரிக்கு ஸ்டீம் அறிவிப்பு அனுப்பும். உங்கள் மகன் அதைப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. ஸ்டீமுக்கும் ஜிமெயிலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தானா என்று கேளுங்கள். வைத்திருந்தான் என்றே நினைக்கிறேன். அப்படியானால் திருடன் ஜிமெயிலுக்குள்ளும் வந்திருக்கிறான். பூட்டை மாற்றாமல் சத்தமின்றி உட்கார்ந்திருக்கிறான்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கணினித் திரையில் ஜிமெயிலின் அமைப்புகளைத் திறந்து, வடிகட்டிகள் (வரும் கடிதங்களைத் தானாகவே பிரித்தனுப்பும் விதிகள்) இருக்கும் பகுதிக்குப் போங்கள். பதினாறு வயதுப் பையனின் ஜிமெயிலில் பொதுவாக அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே ஒற்றை வரியாக, ஸ்டீமிலிருந்து வரும் கடிதங்களைப் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதப்பட்டிருந்தால், அதை எழுதியது உங்கள் மகன் இல்லை. அறிவிப்புகள் வந்தபடியேதான் இருந்திருக்கும். அவன் கண்ணில் படாமல் போயிருக்கும். இதைக் கண்டுபிடித்தால் பதறாமல் குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயில் குப்பையை 30 நாள் வைத்திருந்துதான் அழிக்கும். உங்களுக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருக்கிறது. திருடனே வெறுமையாக்கியிருந்தாலொழிய, எந்த நேரத்தில் கடவுச்சொல் மாறியது, எப்போது மின்னஞ்சல் மாறியது என்ற அறிவிப்புகள் எல்லாம் அங்கே கிடக்கும். உங்கள் வழக்குக்கு அவைதான் சாட்சி. அவற்றைப் படம் பிடித்துவிட்டு, விதியை நீக்குங்கள். பக்கத்திலேயே, வரும் கடிதங்களின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி ஏதாவது அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்புக்கான கைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா, அறிமுகமில்லாத செயலிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா, எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்திருக்கின்றன என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்நியமானவற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகுதான் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்க வேண்டும்.

மூன்றாவதாகத்தான் ஸ்டீம். உதவிப் பக்கத்தில் கணக்கு திருடுபோனதாகச் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மகனின் கைபேசி எண் இன்னும் கணக்கோடு இணைந்திருந்தால் அதன் வழியாகவே வேலை முடிந்துவிடலாம். இல்லையென்றால் உரிமையைக் காட்டும் சான்று கேட்பார்கள். கணக்கு தொடங்கியபோது கொடுத்த முதல் மின்னஞ்சல் முகவரி, பழைய வாங்கல்களின் ரசீதுகள், எந்தக் கார்டில் பணம் கட்டினீர்கள் என்ற விவரம், கடையில் வாங்கிய வவுச்சர் அட்டை பத்திரமாக இருந்தால் அதிலுள்ள குறியீடு, இவை எல்லாம் உதவும். கார்டின் முழு எண்ணையும் பின்னாலுள்ள மூன்று இலக்கத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். கணக்கு கைக்கு வந்ததும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்டீமின் ஏபிஐ சாவிப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். வெளி நிரல் ஒன்று கணக்கின் பரிமாற்றங்களைப் பார்க்கவும் ரத்து செய்யவும் உதவும் சாவி அது. நிரலாளர்களுக்கானது, விளையாடுபவர்களுக்கு வேண்டியதில்லை. அங்கே ஏதாவது பதிவாகியிருந்தால் நீக்குங்கள்.

‘கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா’ என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். கணக்கு மீளும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கத்தியைப் பற்றி உங்களிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்: அது திரும்புவது கடினம். கணக்கிலிருந்து வெளியே போன பொருளை ஸ்டீம் உதவிப் பிரிவு மீட்டுத் தருவதில்லை. பல ஆண்டுகளாக அதுவே அவர்களின் கொள்கை. இதில் ஒரே ஒரு விலக்கு, 2025 ஜூலையில் வந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் பரிமாறிய பொருள்களுக்கு ஏழு நாள் பாதுகாப்பு வைத்தார்கள். அந்த ஏழு நாளுக்குள், பொருளைக் கொடுத்தவர் தன் பரிமாற்றங்களை ரத்து செய்து அவற்றைத் திரும்பப் பெறலாம். ஏழு நாள். உங்கள் மகன் பதினோரு நாள் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

இதை அவனிடம் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. அவன் ஏன் சொல்லவில்லை என்பதை நீங்களும் அவனுடைய அப்பாவும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கணினிகளைச் சரிசெய்யும் இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த களவுகளில் பிள்ளைகள் தொடர்பானவை எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் ஒரு பதின்மூன்று வயதுப் பையன், கணக்கு போனதை மறைப்பதற்காக அக்காவின் பிறந்தநாள் பணத்தை எடுத்துத் திருடனுக்கே அனுப்பியிருந்தான். ‘வீட்டில் தெரிந்தால் கணினியையே எடுத்துவிடுவார்கள்’ என்பதுதான் அவன் சொன்ன காரணம். திருடர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘உன் அம்மாவிடம் சொன்னால் கணக்கை நிரந்தரமாக அழித்துவிடுவேன்’ என்று அவர்கள் எழுதும் செய்திகளைப் படித்திருக்கிறேன். வீட்டில் விழும் திட்டைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் வால்வ் நிறுவனமே, மாதந்தோறும் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிபோவதாக வெளிப்படையாக எழுதியது. பறிகொடுப்பவர்கள் விவரமில்லாத புதியவர்கள் இல்லை, தொழில்முறையாக விளையாடுபவர்களும் பொருள்களை வாங்கி விற்றுத் தேர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்றும் அதே அறிக்கையில் சொன்னது. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்புக்குள்ளேயே புகுந்தார்கள். சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் போயின, மூன்று வாரத்துக்கு மேல் சேவையே நின்றது. அத்தனை பெரிய நிறுவனம் ஏமாந்த இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை ஏமாந்தது குற்றமில்லை. அது பொம்மைக் கத்தி என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சனி ஞாயிறு கடையில் நின்று சம்பாதித்த காசு அது. மிதிவண்டி களவுபோயிருந்தால் ஊரே விசாரித்திருக்கும்.

அவன் எப்படி ஏமாந்தான் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். வாக்குப் போடும் பக்கம் அழகாக இருந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் சிறிய சன்னல் ஒன்று திறந்து ஸ்டீமின் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டியிருக்கும். மேலே முகவரிப் பட்டையில் ஸ்டீமின் சரியான முகவரி, பக்கத்தில் பூட்டுப் படம், எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கும். ‘முகவரியைப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்தேன்’ என்று மகன் சொன்னால் நம்புங்கள், பார்த்திருப்பான். அந்தச் சன்னல் முழுவதும் ஒரு படம். முகவரிப் பட்டையும் பூட்டும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரையப்பட்டவை. அதைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு கைவேலைதான். சன்னலின் தலைப்பைப் பிடித்து உலாவியின் விளிம்புக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான சன்னல் வெளியே வந்து திரையில் தனியாக நிற்கும். போலிச் சன்னலால் விளிம்பைத் தாண்ட முடியாது, கத்தரித்த காகிதம்போல் பாதி மறைந்துவிடும். இதை ஒரு முறை பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

‘கைபேசிக் குறியீடும் கேட்டதே, அது பாதுகாப்பு இல்லையா’ என்று கேட்பீர்கள். அவன் தட்டச்சு செய்த கடவுச்சொல்லையும் குறியீட்டையும் அந்தப் போலிப் பக்கம் அந்த நொடியே உண்மையான ஸ்டீமில் போட்டு உள்ளே நுழைந்துவிடும். உள்ளே வந்த பிறகு திருடன் காத்திருந்தான். உங்கள் மகன் நண்பனுக்குக் கத்தியை அனுப்பத் தொடங்கியதும் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்துவிட்டு, அதே நண்பனின் பெயரையும் படத்தையும் போட்ட வேறொரு கணக்கின் பெயரில் புதிய பரிமாற்றம் ஒன்றை வைத்துவிட்டான். கைபேசியில் உறுதிசெய்யச் சொன்னபோது உங்கள் மகன் பார்த்தது நண்பனின் முகத்தைத்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இனிமேல் உறுதிசெய்யும்போது பெயரையும் படத்தையும் நம்ப வேண்டாம். எதிர்க்கணக்கின் நிலை எண்ணையும் அது தொடங்கப்பட்ட தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் விளையாடும் நண்பனின் கணக்கு போன வாரம் தொடங்கியதாக இருக்காது.

இணைப்பை அனுப்பிய அந்தப் பையனையும் அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அவனுடைய கணக்கும் முன்னதாகவே பறிபோய், அதிலிருந்து திருடன் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். மகனைத் தொலைபேசியில் அவனை அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியே, தன் கணக்கிலிருந்து வரும் எந்த இணைப்பையும் தொட வேண்டாம் என்று தன் நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடச் சொல்லுங்கள். இப்போது உங்கள் மகனுடைய பெயரில்தான் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடவுச்சொல்லுக்கு வருவோம். கோயில் மண்டபங்களில் நம்மவர்களின் கணினிகளைச் சரிசெய்யப் போகும்போது அதிகம் பார்ப்பது சாமி பெயர், அதன் பின்னால் 1860. ட்ரூரோ கப்பல் நம் முன்னோரைச் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்த ஆண்டு. நம் பெருமைதான், ஆனால் நம்மைத் தெரிந்த எவனும் முதலில் போட்டுப் பார்ப்பதும் அதையே. தேவார வரியும் திருக்குறளும் அப்படித்தான், ஏற்கெனவே எங்கேயோ எழுதியிருப்பது எதுவும் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். உரல், மழை, பதினேழு, சன்னல் என்பதுபோல். எடுத்துக்காட்டாகச் சொன்ன இதை மட்டும் வைத்துவிடாதீர்கள். மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை. நீளமாகவும் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறாகவும் இருந்தால் போதும். ஒரே சொல்லைப் பல இடத்தில் வைப்பதில் என்ன ஆபத்து என்றால், 2019-இல் ஸிங்கா என்ற விளையாட்டு நிறுவனத்திலிருந்து 17 கோடிக்கும் மேலான கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. அப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு அதே மின்னஞ்சல், அதே சொல் என்று மற்ற எல்லா இடங்களிலும் தானியங்கி நிரல்கள் முயன்றுகொண்டே இருக்கும். இத்தனை சொற்களை நினைவில் வைக்க முடியாது என்பதால் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகச் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அடிப்படைப் பயன்பாடு இலவசம். செயலி பழகவில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நோட்டில் எழுதக்கூடாது என்று யாராவது சொல்வார்கள். உங்கள் மகனை ஏமாற்றியவன் உங்கள் பீரோவைத் திறக்க வரப்போவதில்லை.

கைபேசிச் சரிபார்ப்பில் ஒன்றைக் கவனியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை முடிந்தவரை தவிர்த்து, குறியீடு காட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள். நம் நாட்டில் சிம் மாற்று மோசடி பெரிய நோய். உங்கள் பெயரில் புதிய சிம் ஒன்றை எவனாவது எடுத்துவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகள் எல்லாம் அவனுக்குப் போகும், உங்கள் கைபேசியில் சிக்னல் நின்றுவிடும். மின்வெட்டு நாள்களில் கோபுரங்கள் செயலிழந்து சிக்னல் போவது நமக்குப் பழகிவிட்டதால், சிக்னல் போனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் கைபேசிச் சேவை நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். ஸ்டீமின் கைபேசிச் செயலியை அமைக்கும்போது, ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று கொடுப்பார்கள். கைபேசி தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், கைபேசியிலேயே படம் பிடித்து வைப்பதில் பயனில்லை.

மகளின் ரோப்லாக்ஸ் கணக்கை உங்கள் மின்னஞ்சலோடு இணைத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ‘இலவச ரோபக்ஸ்’ (ரோப்லாக்ஸில் செலவிடும் காசு) என்று எங்கே பார்த்தாலும் அது பொய் என்பது அவளுக்கு மனப்பாடமாக வேண்டும். உலாவியிலிருந்து ஏதோ ஒரு நீளமான வரியை நகலெடுத்து அனுப்பு என்று யாராவது கேட்டால், நான் மேலே சொன்ன அனுமதிச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். அவளுக்குப் பொருள் ஏதாவது காணாமல் போனால் அந்த நிறுவனத்திடம் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளின் கணக்கிலும் உங்கள் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். கடையில் விற்கும் வவுச்சர் போதும். அதிகபட்சம் அந்தத் தொகைதான் போகும்.

காவல் நிலையத்துக்குப் போவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போங்கள். 2020-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சைபர் குற்றச் சட்டம் 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவதும் அவருடைய கடவுச்சொல்லைக் கைப்பற்றுவதும் அதன்படி குற்றம். வேறு நாட்டில் இருக்கக்கூடிய திருடனைப் பிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழக்குப் பதிவு எண் கையில் இருந்தால் வங்கியிலும் அடையாள அட்டை விஷயத்திலும் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். ஜிமெயில் குப்பையில் கிடைத்த அறிவிப்புகள், அந்த இன்ஸ்டாகிராம் உரையாடல், வங்கிக் குறுஞ்செய்திகள் ஆகியவற்றை அச்செடுத்து எடுத்துப்போங்கள்.

ஸ்டீமுக்கு எழுதும் மனுவை நீங்கள் எழுதாதீர்கள். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் கணவரும் கூட இருந்தால் நல்லது. முதல் மின்னஞ்சல் எது, முதலில் வாங்கிய விளையாட்டு எது என்பதெல்லாம் அவனுக்குத்தான் நினைவிருக்கும். பதில் வரச் சில நாள் ஆகலாம். அதுவரை புதிது புதிதாக மனு போட வேண்டாம். கேள்வி வந்தால் அதே மனுவின் கீழேயே பதில் எழுதுங்கள். சான்று போதாது என்று முதல் முறை திருப்பி அனுப்பினாலும் மனம் விடாமல், பழைய வங்கி அறிக்கையில் ஸ்டீமுக்குப் பணம் கட்டிய பக்கத்தைத் தேடி, கார்டு எண்ணை மறைத்துவிட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள்.